இளைக்க இளைக்க நடக்கச் சொல்கிறார்கள்

அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரியவந்து நான்கு மாதங்களின் பின்னர், கிளினிக் கொப்பியைத் தற்செயலாகப் புரட்டினேன். உடற்பயிற்சி என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் "இல்லை" என்று எழுதப்பட்டிருந்தது. "ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், மூச்சு வாங்கிற மாதிரி வேகமா நடவுங்கோ அம்மா" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அம்மாவும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். சோம்பல் என்றுதான் நானும் நினைத்தேன். 2009இல் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தே போன ஒருவரைப் பற்றி அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

ஒரு மாலை இரணைமடுக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து நிமிடம் நன்றாகவே நடந்தார். வேகத்தைக் கூட்டச் சொன்னேன். கொஞ்சத் தூரத்தில் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் ஈ.சி.ஜி. எடுத்தோம். இதயத்தில் பிழையில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார்: "நெஞ்சு அப்பிடி அடிக்கேக்க, பின்னால செல் விழுற மாதிரிக் கிடக்கு பிள்ளை."

உடற்பயிற்சியைப் பற்றி எழுதுபவர்கள் எவரும் நம்மவர்களுக்கென்று சொல்லாத விடயம் இதுதான். வேகமாக நடக்கும்போது இதயம் படபடக்கிறது, மூச்சு இறைக்கிறது, வியர்க்கிறது. பயத்திலும் இவை மூன்றுமே நடக்கின்றன. ஓடித் தப்பியவரின் நினைவில் இந்த மூன்றும் ஒரே காலத்தோடு சேர்த்துப் பதிந்து கிடக்கின்றன. போர் முடிந்த சில மாதங்களில் யாழ். மாவட்டத்தில் நடத்தப்பட்டு, 2011இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, பங்குபற்றியவர்களில் 32.6 வீதமானோரிடம் பதகளிப்பின் அறிகுறிகளையும் 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளையும் கண்டது. அதே மக்கள்தான் இன்று ஐம்பது, அறுபது வயதில் சீனிக்கும் பிரசருக்கும் கிளினிக் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே மனதைப் பார்ப்பவர் ஓர் அறையில், சீனியைப் பார்ப்பவர் இன்னோர் அறையில். "நடக்கிறீங்களா?" என்று கேட்பவர் "நடக்கேக்க பயமா இருக்கா?" என்று கேட்பதில்லை. இதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. ஒரு கேள்வி போதும்.

இதில் நல்ல செய்தி, தாங்குதிறன் மெதுவாக வளர்வதையே விரும்புகிறது என்பது. ஒழுங்காக நடந்துவர, இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைகளுக்குள் நுண்குழாய்கள் பெருகுகின்றன, சக்தியை எரிக்கும் இழைமணிகள் அதிகரிக்கின்றன. அதனால் முதல் மாதம் நெஞ்சைப் படபடக்க வைத்த அதே வேகம், மூன்றாம் மாதம் அப்படிச் செய்யாது. உடம்பு மட்டுமல்ல, பயமும் அதனோடு பழகுகிறது. நெஞ்சு வேகமாக அடித்தாலும் ஒன்றும் நடக்கவில்லை என்பதைத் திரும்பத் திரும்ப அனுபவிப்பது, பதகளிப்புக்கான சிகிச்சைகளிலும் பயன்படுத்தப்படும் வழிதான்.

ஆகவே நாங்கள் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து தொடங்கினோம். குளக்கட்டில் இல்லை, வீட்டு ஒழுங்கையில். கிழமைக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டினோம். வேகத்துக்கு அம்மா தானே ஓர் அளவுகோல் கண்டுபிடித்தார்: தேவாரத்தைச் சொல்ல முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. மிதமான பயிற்சிக்கு மருத்துவர்கள் சொல்லும் பேச்சுச் சோதனையும் இதேதான். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்குச் சொல்வது கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் வேலை. 150ஐ எட்ட எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது. வலுவூட்டலுக்குக் கதிரையில் கைபிடிக்காமல் இருந்து எழும்பச் சொன்னேன். "கிணத்தில அள்ளினது காணாதோ?" என்று கேட்டார். அதுவும் கணக்கில் சேரும் என்பதை ஒத்துக்கொண்டேன்.

கொழுப்பின் கதை வேறு. அரை மணித்தியால நடையில் சராசரி எடையுள்ள ஒருவர் செலவழிப்பது ஏறத்தாழ 120 முதல் 150 கலோரி. ஒரு கோப்பைச் சோற்றில் அதைவிடக் கூட இருக்கிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிக்கப்பட்டுள்ளது. நடந்து மட்டும் வயிற்றைக் குறைக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கில்தான் ஏமாறுகிறார்கள். வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியே கரையும் என்பதும் பொய்.

அப்படியென்றால் தட்டிலும் குறைக்க வேண்டும். அங்கேதான் எங்கள் வீடுகளில் பிரச்சினை தொடங்குகிறது. கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். பிறகு செட்டிகுளம் முகாமில் நிவாரண மாவும் பருப்பும் சீனியும். ஊர் திரும்பிய பின் சோறு நிறையப் போடுவதுதான் அன்பு, மிச்சம் விடுவது பாவம். "மெலிஞ்சு போனாய்" என்பது எங்களிடம் துக்கம் விசாரிக்கும் வார்த்தை. இந்த வீடுகளில் போய் "சோற்றைக் குறையுங்கள்" என்று ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டினால் யார் கேட்பார்கள்? அம்மாவிடம் நான் சோற்றில் கைவைக்கவில்லை. ஒரு நாளைக்கு நான்கு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. அந்தச் சீனி மட்டும் கிட்டத்தட்ட 200 கலோரி. அதை அரைக் கரண்டிக்குக் கொண்டுவர இரண்டு மாதச் சண்டை நடந்தது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

சென்னையில் நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களிடம் நடத்தி 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் நோய் வரும் வாய்ப்பை 28.5 வீதத்தால் குறைத்தன. நம்மைப் போன்ற உடம்புகள், நம்மைப் போன்ற சாப்பாடு. பயன் உண்டு என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து தொடங்கவில்லை. முழங்காலுக்கு மேல் காலை இழந்து செயற்கைக் காலில் நடப்பவர், அதே தூரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சக்தியைச் செலவழிக்கிறார். அவருக்கு அரை மணித்தியாலம் என்பது வேறு அளவு. தனியாக வீதியில் நடக்கும் பெண்ணுக்குத் தெருநாயும், விளக்கில்லாத வீதியும், "இவ எங்க போறா" என்ற பார்வையும் இருக்கின்றன. விளையாட்டு மைதானங்கள் மாலையில் இளைஞர்களின் பந்துக்கே சொந்தம். பிரதேச சபைகள் இதைச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்த்து நான் கண்டதில்லை. முள்ளியவளையின் அகிலத்திருநாயகி அம்மா 2023இல் 72 வயதில் பிலிப்பைன்ஸில் ஓடித் தங்கப் பதக்கத்தோடு வந்தபோது மாலை போட நிறையப் பேர் போனார்கள். அவரது வயதுப் பெண்கள் நடக்க ஒரு பாதை கேட்டு எவரும் போகவில்லை.

எட்டு மாதத்தில் அம்மாவின் இடுப்பளவு 96 சென்ரிமீற்றரிலிருந்து 91க்கு வந்திருக்கிறது. தெற்காசியப் பெண்களுக்குச் சொல்லப்படும் எல்லை 80. போன மாதம் மறுபடி குளக்கட்டுக்குப் போனோம். கோயில் திருவிழாவில் வெடி போட்டார்கள், நின்றார். நெஞ்சு ஆறியதும் தானாகவே நடக்கத் தொடங்கினார். சட்டைகள் எல்லாம் தொளதொளத்துவிட்டன, பிடிக்கக் கொடுப்போம் என்றேன். "வேண்டாம், இப்பிடியே கிடக்கட்டும். சனம் மெலிஞ்சு போனாள் எண்டு பாவம் பாக்கும்" என்கிறார்.