கருவி பெருகியது, பாட்டு எங்கே?

நம் மன்றத் தோழர்களுள் பலர் இன்று கணினியில் இசைப்பதிவு கற்கின்றனர். மகிழ்ச்சி! ஆனால், “தொடங்கினேன், திகைத்தேன், நிறுத்திவிட்டேன்” என்போரும் அவர்களுள் பலரே. இத்தேக்கம் அறிவுக் குறைவால் வருவதன்று. வாய்ப்பின் மிகுதியால் வருவது. பட்டறிந்தே சொல்கிறேன்.

என் ஊர் பாறசாலையை அடுத்த எல்லையோரச் சிற்றூர். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. எங்கள் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு மண்ணில் விழுந்தது, பாட்டில் விழவில்லை. கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு இருபுறமும் ஒலிக்கிறது. என் தாய்மாமன் வில்லிசைப் புலவர். அவர் பாட்டைப் பதிவு செய்து தருவதாக வாக்களித்தேன்.

மடிக்கணினி வந்தது, மென்பொருள் வந்தது. ஒரு பாடத்தைப் பார்த்தால் பத்துப் பாடங்கள் அழைத்தன. ஈக்யூ, கம்ப்ரசர், ரிவெர்ப் என ஒவ்வொன்றுக்கும் இருபது பிளக்கின் சேர்த்தேன். இரண்டு ஆண்டுகள் ஓடின. தொடங்கிய கோப்புகள் நாற்பது. முடிந்த பாட்டு ஒன்றுமில்லை! சென்ற விடுமுறையில் மாமா சிரித்துக்கொண்டே கேட்டார்: “மக்களே, நீ பெட்டியப் படிச்சுத் தீருமுன்ன எனக்க தொண்டை அடஞ்சிரும். எப்பம் பாட?”

அவர் குரல் முன்பே கம்மத் தொடங்கியிருந்தது. நாணித் தலைகுனிந்தேன்.

அன்று மாலையே முடிவு செய்தேன்: ஒரு ஒலிவாங்கி, ஒரு பாட்டு, ஒரு மாலைப்பொழுது. பிளக்கின் ஒன்றும் வேண்டா. முதற்பதிவில் குடத்தின் அடிநாதம் குரலை விழுங்கிவிட்டது. பழைய நானாயின் கம்ப்ரசர் பாடத்தைத் தேடிப் போயிருப்பேன். இம்முறை குடத்தை நான்கடி பின்னுக்கு நகர்த்தினேன். புலவரை முன்னுக்கு அழைத்தேன். குரல் தெளிந்தது! இது புதுமையா? அன்று. 1925-இல் மின்வழி ஒலிப்பதிவு பரவுமுன், பாடகரும் கருவியாளரும் ஒரு கொம்புக் குழாயின் முன் தள்ளியும் நெருங்கியும் நின்றுதான் இசைத்தட்டுக்கள் பிறந்தன.

நான்காம் பதிவைக் கேட்ட மாமா, “தாளம் காதக் குத்துது” என்றார். அன்றுதான் ஈக்யூவைக் கற்றேன். இருபது பாடங்கள் தராத தெளிவை அந்த ஒரு குறை தந்தது. பாட்டு கேட்டபோது கருவியைக் கற்றால் மனத்தில் நிற்கும். கருவிக்காகக் கருவியைக் கற்றால் மலைப்பே மிஞ்சும்.

வரம்பு கலைக்குப் பகையன்று. திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தைப் பாருங்கள். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, மூன்றாம் நாள் சாவேரி என ஒன்பது நாளுக்கும் முதன்மை இராகம் வகுக்கப்பட்டுள்ளது. பாடுவோர்க்குத் தேர்ந்தெடுக்கும் தொல்லை இல்லை; ஆழ்ந்து பாடும் பொறுப்பே உண்டு. அம்மண்டபத்தில் 2006-இல் முதற்பெண்ணாகப் பாடியவர் எங்கள் பாறசாலை பொன்னம்மாள். 1924-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது எண்பதுக்கு மேல்! அவரைக் காக்க வைத்தது ஊர் வழக்கம். நம்மைக் காக்க வைப்பது யார்? நாமேயன்றோ!

“நுட்பம் தெரியாமல் நல்ல பதிவு வருமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் பதிவில் நாய் குரைக்கிறது, பேருந்து ஒலியெழுப்புகிறது. குறைகள் உண்டு. ஆயினும், முடிந்த பாட்டின் குறையைத் திருத்தலாம். தொடங்காத பாட்டின் குறையை எவர் திருத்துவார்?

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கலுக்குள் நாம் ஒவ்வொருவரும் நம் ஊர்ப் பாட்டு ஒன்றை, மூன்று நிமிட அளவில், ஒரே ஒலிவாங்கியால் பதிந்து வருவோம். கூடிக் கேட்போம், குறை சொல்வோம், பின் கற்போம்.

தோழர்களே! கருவிகள் காத்திருக்கும், நாளை இன்னும் நல்லவை வரும். நம் ஊர்க் கிழவர்களின் தொண்டை காத்திராது. இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்!