பட்டையின் வேகத்தை யார் தீர்மானிப்பது?

தன் கிடங்குகளில் இயங்கும் ரோபோக்களின் எண்ணிக்கை ஒரு மில்லியனை எட்டிவிட்டதாக அமேசான் 2025ல் அறிவித்தது. 2012ல் 775 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ‘கிவா சிஸ்டம்ஸ்’ நிறுவனத்தை வாங்கியபோது தொடங்கிய முயற்சி இது. அந்த ரோபோக்களில் பெரும்பாலானவை சரக்கு அடுக்குகளைச் சுமந்துகொண்டு தரையில் ஓடும் வண்டிகள். ஒரு பொருளைக் கண்டு, கைநீட்டி எடுப்பது அதைவிடக் கடினம். அந்தப் பொருள் நகரும் பட்டையில் (கன்வேயர்) ஓடிக்கொண்டிருந்தால் சிரமம் இன்னும் அதிகம்.

பொறியியல் மாணவன் என்ற முறையில் இந்தத் தொழில்நுட்பம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதோடு, பக்கத்தில் நிற்கும் ஊழியரின் வேலையை அது எப்படி மாற்றுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் இடையே

சாங்கி விமான நிலையத்தில் நம் பயணப் பெட்டியை எப்படி எடுக்கிறோம்? தூரத்தில் வரும்போதே அடையாளம் கண்டுகொள்கிறோம். அருகே வந்ததும் பட்டையோடு இரண்டு எட்டு நடந்து, அதன் வேகத்துக்குக் கையை ஒத்துவைத்துத் தூக்குகிறோம். இயந்திரக் கையும் இதையேதான் செய்ய வேண்டும். நாம் யோசிக்காமல் செய்வதை அது கணக்குப் போட்டுச் செய்கிறது.

ஒரு பட்டை வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். கேமரா படம் எடுத்து, கணினி அதை ஆராய்ந்து முடிக்க 0.2 வினாடி ஆனால், அதற்குள் பொருள் 10 செண்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். படத்தில் தெரிந்த இடத்துக்குக் கை போனால் சவர்க்காரப் பெட்டி சிக்காது, காற்றுதான் சிக்கும். அதனால் பட்டையின் உருளையில் ‘என்கோடர்’ என்ற கருவியைப் பொருத்துகிறார்கள். உருளை எவ்வளவு சுழன்றது என்பதை அது எண்ணிக்கொண்டே இருக்கும். படம் எடுத்த கணத்தில் இருந்த எண்ணையும் இப்போதைய எண்ணையும் ஒப்பிட்டு, பொருள் இந்நேரம் எங்கே இருக்கும், கை போய்ச் சேரும்போது எங்கே இருக்கும் என்று கணிக்கிறார்கள்.

படமும் தெளிவாக இருக்க வேண்டும். அதே வேகத்தில், கேமரா ஒளியை உள்வாங்கும் நேரம் 10 மில்லிவினாடி என்றால் படம் 5 மில்லிமீட்டர் இழுபட்டு மங்கும். அதை 1 மில்லிவினாடியாகக் குறைத்தால் மங்கல் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் அவ்வளவு குறைந்த நேரத்தில் படம் பதிய வெளிச்சம் பலமாக இருக்க வேண்டும்.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2018ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ரோபோ, ‘இக்கியா’ நாற்காலி ஒன்றைப் பொருத்திக் காட்டியது. முப்பரிமாணக் கேமராவால் பாகங்களை அடையாளம் காண அதற்கு 3 வினாடி ஆனது. அசைவுகளைத் திட்டமிட 11 நிமிடம் 21 வினாடியும், பொருத்த 8 நிமிடம் 55 வினாடியும் ஆயின. பாகங்கள் அசையாமல் கிடந்ததால் அது சாத்தியமானது. நாம் பார்த்த பட்டையில் அந்த 3 வினாடிக்குள் பொருள் ஒன்றரை மீட்டர் ஓடியிருக்கும்.

சாக்லேட்டும் சட்டையும்

நகரும் பட்டையிலிருந்து எடுக்கும் ரோபோ புதியதன்று. 1980களில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ரேமோன் கிளாவெல் உருவாக்கிய மூன்று கைகள் கொண்ட ‘டெல்டா’ ரோபோவின் வாரிசுகள், பல ஆண்டுகளாகச் சாக்லேட்டுகளையும் பிஸ்கட்டுகளையும் பெட்டியில் அடுக்கி வருகின்றன. அங்கே எல்லாம் ஒரே வடிவம், ஒரே நிறம்.

மின்வணிகக் கிடங்கின் பட்டையில் வருபவை அப்படியல்ல. பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் சட்டை, ஒளி ஊடுருவும் தண்ணீர்ப் போத்தல், ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் பொட்டலங்கள் என்று அடுத்து என்ன வருமென்று சொல்ல முடியாது. பளபளப்பும் கண்ணாடித்தன்மையும் ஆழத்தை அளக்கும் கேமராவை ஏமாற்றும். ஏராளமான படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு இதைப் பெரிதும் சமாளிக்கிறது. ஆனாலும் ஒரு பகுதி மிஞ்சும். கேமராவுக்குப் புரியாத அந்த மிச்சம் மனிதரிடம் வந்து சேர்கிறது.

மிச்சத்தைச் சுமப்பவர்கள்

பல்கலைக்கழக விடுமுறை ஒன்றில் நான் ஒரு கிடங்கில் பகுதிநேரமாகப் பொட்டலம் பிரித்தேன். அங்கே கேமரா பட்டைக்கோட்டை வாசிக்கும். அதனால் வாசிக்க முடியாதவை எங்கள் பக்கம் தள்ளப்படும். என்னோடு நின்றவர் 60 வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பொட்டலத்தைத் தொட்டதுமே உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கசங்கியதும் கிழிந்ததும் ஈரமானதும் வரிசையாக வரும்போதும் பட்டையின் வேகம் குறையாது. சிவப்புப் பொத்தான் ஆபத்துக்கு மட்டும்தான். வேகத்தை மாற்ற மேற்பார்வையாளரால்தான் முடியும், அவரோ அடுத்த மாடியில் இருந்தார்.

கேமரா வந்தால் மனிதருக்கு வேலை போய்விடும் என்பதுதான் வழக்கமான அச்சம். அது நியாயமான அச்சமே. ஆனால் நான் பார்த்தது வேறொன்று. சுலபமான வேலை இயந்திரத்துக்குப் போகிறது. கடினமானது மட்டும், இயந்திரத்தின் வேகத்திலேயே, மனிதருக்கு வருகிறது.

இப்படித்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் தொழில்நுட்பத்தில் இல்லை. பொருள்கள் குவிவதைக் காணும் கேமராவால் பட்டையை மெதுவாக்கவும் முடியும். மனிதர் நெருங்கினால் இயந்திரக் கையின் வேகத்தைக் குறைக்கவும் முடியும். அதே கேமரா, ஊழியர் ஒருவர் நிமிடத்துக்கு எத்தனை பொட்டலம் எடுத்தார் என்று எண்ணவும் கூடும். எதைச் செய்யும்படி நிரல் எழுதப்படுகிறது என்பது மனிதர் எடுக்கும் முடிவு.

கலிஃபோர்னியா இதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டது. 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த அந்த மாநிலச் சட்டத்தின்படி, பெரிய கிடங்குகள் ஊழியர்களுக்கு விதிக்கும் வேலை இலக்கை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உணவு இடைவேளையையோ கழிவறை செல்வதையோ தடுக்கும் இலக்கை விதிக்கக்கூடாது.

சிங்கப்பூருக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. அனைத்துலக ரோபோட்டிக்ஸ் சம்மேளனத்தின் கணக்குப்படி, 2023ல் இங்கே உற்பத்தித் துறையில் 10,000 ஊழியர்களுக்கு 770 ரோபோக்கள் இருந்தன. தென்கொரியாவுக்கு அடுத்த இடம் நமக்கு. மூப்படையும் சமூகத்தில் பாரம் தூக்கும் வேலையை இயந்திரம் செய்வது நல்லதே. அந்த அம்மாவின் முதுகுவலிக்கு அது உண்மையான உதவி. ஆனால் முதுகைக் காப்பாற்றிய இயந்திரம் அவருடைய மூச்சை வாங்கிவிடக்கூடாது.

நம்மில் சிலர் நாளை இந்தக் கேமராக்களுக்கு நிரல் எழுதுவோம். சிலர் அவற்றை வாங்கும் நிறுவனங்களில் இருப்போம். இன்னும் சிலர் அவற்றின் அருகே நின்று வேலை செய்வோம். பள்ளித் திட்டப்பணியானாலும் வேலைப் பயிற்சியானாலும், ரோபோ மணிக்கு எத்தனை பொருள் எடுக்கும் என்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்போம். அதற்குப் புரியாத பொருள் யார் கைக்குப் போகிறது? அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில், பட்டையை மெதுவாக்கும் பொத்தான் இருக்கிறதா?