மலை சைக்கிளும் மாதச் சம்பளமும்

ஒரு காலத்தில் குமாஸ்தா வீட்டில் சைக்கிள் வாங்குவது பெரிய விசேஷம். மாதாமாதம் மிச்சம் பிடித்துப் பணம் சேர்த்து, நாள் பார்த்து, புது வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகே அதில் ஏறுவார்கள். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் கம்பெனியின் ஹெர்குலிஸ் வண்டி தகப்பனுக்கு உழைத்து, பிறகு மகனுக்கும் உழைத்த வீடுகள் பல. பஞ்சர் ஒட்டத் தெருமுனையில் ஆள் இருந்தார். செயின் அறுந்தால் அரைமணியில் சரியாகிவிடும்.

இன்று சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதுபவரின் மகனோ, கரமனையில் குடியிருக்கும் ஆபீஸ் குமாஸ்தாவின் மகனோ கேட்கும் சைக்கிள் வேறு. அதற்கு மோட்டார் உண்டு, பாட்டரி உண்டு, முன்னும் பின்னும் ஸ்பிரிங் உண்டு. மலையில் ஏறும், பாறையில் இறங்கும். வெளிநாட்டுத் தயாரிப்பாக இருந்தால் விலை ஐந்து லட்சத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். மாதம் 25 ஆயிரம் சம்பளம் வாங்குபவருக்கு அது இருபது மாதச் சம்பளம். சீட்டு எடுத்து வாங்குவதா, கடன் வாங்குவதா, அல்லது பையனைக் கண்டித்து உட்கார வைப்பதா என்பதே அந்த வீட்டில் நடக்கும் விவாதம்.

பையனின் ஆசையில் குற்றம் காண முடியாது. 2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டி திருவனந்தபுரம் ஜில்லாவின் பொன்முடியில்தான் நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இடம் பெற்றுத் தரும் போட்டி அது. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த தேயிலை மலைப் பகுதியில், பல நாட்டு வீரர்கள் வந்து சைக்கிள் ஓட்டினார்கள். அதைக் கண்ட பிள்ளைகளுக்கு ஆசை பிறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆசைக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம், எதற்காகக் கொடுக்கலாம் என்பதே கேள்வி.

எண்டூரோ என்றால் என்ன?

மலை சைக்கிள் பந்தயங்களில் எண்டூரோ ஒரு வகை. 2013-இல் இதற்கென்று உலகத் தொடர் போட்டி தொடங்கியது. இதில் நேரம் கணக்கிடப்படுவது இறக்கத்தில்தான். ஏற்றத்தை ஓட்டுபவர் குறித்த நேரத்துக்குள் கடந்து வந்தால் போதும். ஆனால் ஏறித்தான் தீர வேண்டும். அந்தக் களைப்பைக் குறைக்கவே மோட்டார் வந்தது. காலால் மிதித்து ஒருமுறை ஏறி இறங்கும் நேரத்தில், மோட்டார் துணையோடு இரண்டு மூன்று முறை ஏறி இறங்கலாம். 2019 முதல் மின்சார மலை சைக்கிளுக்குத் தனி உலக சாம்பியன் பட்டமே வழங்கப்படுகிறது.

இந்த வண்டிகளில் முழுச் சக்தி வண்டி என்று ஒரு ரகம் உண்டு. மோட்டார் சக்கரத்தில் இராது; மிதிகட்டைகளுக்கு நடுவே அச்சிலேயே இருக்கும். பாஷ், ஷிமானோ போன்ற கம்பெனிகளின் மோட்டார்கள் 85 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கு விசை தருகின்றன. அதற்கு மேலும் தருகிற புதிய மோட்டார்களும் வந்துவிட்டன. பாட்டரியின் கொள்ளளவு 600 முதல் 800 வாட் மணி. வண்டியின் எடை 22 முதல் 26 கிலோ வரை. சாதாரண எண்டூரோ சைக்கிளைவிட ஏழெட்டுக் கிலோ கூடுதல்.

பொன்முடியின் கணக்கு

விளம்பரத்தை நம்புவதைவிடக் கணக்கை நம்புவது நல்லது. கல்லாறில் தொடங்கி 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் பொன்முடி. ஏறும் உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். ஓட்டுபவர் 75 கிலோ, வண்டி 25 கிலோ என்று வைத்துக்கொண்டால், நூறு கிலோவை ஆயிரம் மீட்டர் தூக்க வேண்டும். இதற்கு வேண்டிய சக்தி சுமார் 270 வாட் மணி. மோட்டாரில் உஷ்ணமாகப் போவதையும் டயர் உராய்வில் போவதையும் சேர்த்தால், முழு வேலையையும் மோட்டாரே செய்வதற்கு 350-க்கு மேல் வேண்டியிருக்கும். ஓட்டுபவரின் கால் பாதிப் பாரத்தை ஏற்றால் 180 அல்லது 200 போதும்.

இந்தியாவில் சாதாரணமாக விற்கும் மின்சார சைக்கிளின் பாட்டரி 36 வோல்ட், 7.8 ஆம்பியர் மணி என்றால், பெருக்கிப் பார்க்க 280 வாட் மணி. அதாவது காலும் சேர்ந்து உழைத்தால் சிறிய பாட்டரியே பொன்முடிக்கு ஒருமுறை ஏற்றிவிடும். 700 வாட் மணி பாட்டரி என்பது ஒரே நாளில் மூன்று முறை ஏறுகிறவருக்குத் தேவைப்படுவது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய், மற்ற நாள் கிழக்கே கோட்டைக்கும் தம்பானூருக்கும் போய்வருகிறவருக்கு அந்தப் பாட்டரியின் பெரும்பகுதி வெறும் சுமை. அதை மாற்ற வேண்டி வரும் நாளில், அதன் விலைக்கு ஒரு நல்ல சாதாரண மலை சைக்கிளே வாங்கிவிடலாம்.

ஆனால் பாட்டரி மட்டும் போதாது. மலிவான வண்டிகளில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவே இருக்கும். சமதரையில் அது நன்றாக உழைக்கும். செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது, மின்சாரம் சுழற்சியாக மாறாமல் உஷ்ணமாகிறது. மோட்டார் சூடேறி நின்றுவிடும். நடு அச்சு மோட்டாரோ கியரின் துணையைப் பெறுகிறது. ஏற்றம் கடினமானால் கியரைக் குறைத்துக்கொள்ளலாம். கூடுதல் விலைக்கு உண்மையான காரணம் இதுதான்.

இறக்கத்தின் கணக்கு

ஏறும்போது மோட்டாரும் காலும் செலவிட்ட அந்த 270 வாட் மணி எங்கும் போய்விடவில்லை. இறங்கும்போது அதில் பெரும்பங்கைப் பிரேக் வாங்கி உஷ்ணமாக வெளியே தள்ள வேண்டும். வண்டி கனமாக ஆக, பிரேக்கின் வேலையும் கூடும். ஆகவே முழுச் சக்தி மோட்டாருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, பிரேக்கிலும் முன் ஸ்பிரிங்கிலும் மிச்சம் பிடிக்கும் வண்டி மலிவான வண்டி அல்ல, ஆபத்தான வண்டி. எண்டூரோவுக்கு என்றால் நான்கு பிஸ்டன் கொண்ட எண்ணெய் பிரேக், 200 மில்லிமீட்டர் அளவுள்ள தட்டு, 160 மில்லிமீட்டர் அமுங்கும் முன் ஸ்பிரிங், தடித்த டயர் ஆகியவை இருக்க வேண்டும். மோட்டார் நின்றால் தள்ளிக்கொண்டு வரலாம். பிரேக் நின்றால் என்ன செய்வது?

இந்தியச் சந்தையில் இந்த ரகத்துக்குக் கிட்டே வந்த வண்டிகள் குறைவு. 2019-இல் ஹீரோ சைக்கிள்ஸ் யமஹாவின் நடு அச்சு மோட்டாருடன் ஒரு மலை சைக்கிளைக் கொண்டு வந்தது. விலை ஏறத்தாழ 1.3 லட்சம். 2023-இல் டெகாத்லான் 85 ஆயிரத்துக்கு விற்பனைக்கு விட்ட மின்சார மலை சைக்கிளில் 42 நியூட்டன் மீட்டர் தரும் பின்சக்கர மோட்டார். இவை மண் சாலைக்கும் காட்டோரப் பாதைக்கும் உதவும். பாறை இறக்கத்துக்கு உரியவை அல்ல. பெயரில் ‘மலை’ இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது.

வளைகுடாவிலிருந்து வருமா?

மின்விசிறியிலிருந்து டெலிவிஷன் வரை வளைகுடாவிலிருந்து வந்து பழகிய ஊர் இது. மாமா வரும்போது கொண்டுவருவார் என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. 160 வாட் மணிக்கு மேற்பட்ட லித்தியம் பாட்டரியைப் பயணிகள் விமானத்தில் பெட்டியிலும் கொண்டுவர முடியாது, கையிலும் கொண்டுவர முடியாது. சைக்கிள் வரலாம், அதன் உயிரான பாட்டரி வராது. சரக்காக அனுப்பினால் அபாயகரமான பொருளுக்கு உரிய விதிகளும், சுங்க வரியும் சேரும். வந்து சேர்ந்த பிறகு பழுதானால், கம்பெனியின் கம்ப்யூட்டர் கருவி இல்லாமல் மோட்டாரின் கோளாறைக் கண்டுபிடிக்கவும் முடியாது. பழுது பார்க்க ஆள் இல்லாத வண்டி எத்தனை சல்லிசாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

சட்டமும் மழையும்

மிதித்தால் மட்டும் மோட்டார் உதவி, வேகம் 25 கிலோமீட்டரை எட்டும்போது அந்த உதவி நின்று, மோட்டாரின் அரைமணிச் சக்தி 250 வாட்டுக்கு உட்பட்டு இருந்தால், இந்தியச் சட்டப்படி அது மோட்டார் வாகனம் அல்ல. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். ஆனால் சில கடைகளில் இந்த வேக வரம்பை அவிழ்த்துத் தருகிறோம் என்பார்கள். அவிழ்த்த கணமே அது பதிவும் இன்ஷூரன்சும் இல்லாத மோட்டார் வாகனமாகிவிடும். விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். 25 கிலோமீட்டர் வேகத்தை நாற்பதாக்கிக்கொள்ள இத்தனை பெரிய பணயம் வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

பொன்முடியைச் சுற்றியுள்ளது காடு. அருகிலேயே பேப்பாறை வனவிலங்கு சரணாலயம். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விலை உயர்ந்த வண்டி வாங்கியபின் ஓட்ட இடம் தேடி அலைவதைவிட, எங்கே ஓட்ட அனுமதி உண்டு என்று முதலில் விசாரிப்பது நல்லது.

மழை இன்னொரு விஷயம். ஜூனில் தென்மேற்குப் பருவம், அது ஓய்ந்ததும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவம் என்று ஆண்டில் பாதி நனையும் ஊர் இது. மின் இணைப்புகளுக்குத் தண்ணீர்த் தடுப்பு என்ன தரம் என்று கேட்டு, அதைக் காகிதத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐபிஎக்ஸ்4 என்றால் சாரலுக்கும் தெறிக்கும் நீருக்கும் தாங்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி முழுகினாலும் தாங்கும்.

எது லாபம்?

ஆகவே வாங்குகிறவர்கள் விசாரிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். கடையில் முதல் கேள்வி ‘எத்தனை வாட்?’ என்பதாக இருக்கக் கூடாது. பழுது பார்ப்பவர் இதே ஊரில் இருக்கிறாரா, பாட்டரிக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம், புதுப் பாட்டரி என்ன விலை, பிரேக் எப்படிப்பட்டது, கையில் பிடித்துப் பார்க்க வண்டி அளவு பொருந்துகிறதா என்று கேட்டு, மோட்டாரைப் பற்றிக் கடைசியில் கேட்கலாம். ஐந்து லட்சத்து வண்டி பந்தயத்துக்குப் போகிறவனுக்கு மலிவாக இருக்கலாம். மாதம் ஒருமுறை மலைக்குப் போகிறவனுக்கு அது வாசலில் நிற்கும் கடன்.

ஆசை உண்மையானதுதானா என்று அறிய எளிய வழியும் உண்டு. நல்ல பிரேக் உள்ள சாதாரண மலை சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்து ஒரு வருஷம் ஓட்டச் சொல்லலாம். காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியில் சைக்கிள் பந்தய மைதானமே இருக்கும் ஊர் இது. கற்றுக்கொள்ள நினைப்பவனுக்கு வழிகாட்டுவோர் கிடைப்பார்கள். ஒரு வருஷம் கழித்தும் ஆசை நிற்குமானால், அப்போது சீட்டு எடுப்பதில் அர்த்தம் இருக்கும்.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. சர்வதேசப் போட்டியைப் பொன்முடிக்குக் கொண்டுவந்த விளையாட்டுத் துறை, நான்கைந்து முழுச் சக்தி வண்டிகளை வாங்கி, பயிற்சியாளரையும் வைத்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். வருஷத்தில் பத்து நாள் மட்டும் தேவைப்படும் பொருளைப் பத்துக் குடும்பங்கள் தனித்தனியே கடன்பட்டு வாங்குவதைவிட, பத்துப் பேருக்கும் பொதுவாக ஒன்று இருப்பது சிக்கனம். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் ஒருநாள் அதில் ஏறிப் பார்க்க வேறு வழி இல்லை.

மோட்டார் எத்தனை சக்தி வாய்ந்ததானாலும் அது மலையை ஏறவே உதவும். கடனை ஏறிக் கடக்கக் குடும்பத்தின் கால்களே மிதிக்க வேண்டும். தகப்பனும் மகனும் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து, காகிதமும் பென்சிலுமாக இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார்களானால், கடைக்காரரிடம் அவர்கள் ஏமாறப் போவதில்லை.