‘வௌியீடு’ எங்கிருந்து வந்தது? நீண்ட செயற்கூறுகளும் நம் ஆய்வு நிரல்களும்

பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றப்பட்ட தமிழ்ப் பக்கங்களைப் படித்தவர்கள் ‘வௌியீடு’, ‘வௌிநாடு’, ‘தௌிவு’ போன்ற சிதைந்த வடிவங்களைக் கண்டிருப்பார்கள். தட்டச்சுப் பிழை என்று கடந்தும் போயிருப்பார்கள். பெரும்பாலும் அது தட்டச்சியவர் பிழையன்று. மாற்றி நிரலின் பிழை. அதை எழுதியவருக்குத் தமிழ் தெரியாது என்பதும் காரணமன்று. எவராலும் தொடக்கம் முதல் இறுதிவரை படித்து மனத்தில் இருத்த முடியாத அளவுக்கு நீண்டுவிட்ட செயற்கூறுகளில் இப்படிப்பட்ட பிழைகள் பிறக்கின்றன, பிறந்தபின் பல்லாண்டுகள் பத்திரமாக வாழ்கின்றன.

ஆய்வுக்காக நாம் எழுதும் நிரல் ஆய்வு முறையியலின் ஒரு பகுதி. இன்னொருவர் படித்துச் சரிபார்க்க இயலாத நிலையில் அதை விட்டுச் செல்வது முறையியலை மறைப்பதற்கு ஒப்பாகும். நிரலின் சிக்கலை அளக்கும் எண்கள் இதில் நமக்கு உதவும். ஆனால் எண்ணைக் குறைப்பதற்காக நிரலை வெட்டினால் நோய் இடம் மாறுமே தவிரத் தீராது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லவே இப்பதிவு.

முதலில் அந்த ஔகாரம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன. ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகள். யூனிகோடில் ககரம் முதலில் வரும். உயிர்க்குறி அதன் பின் வரும். எனவே மாற்றி, துண்டுகளைப் பெயர்ப்பதோடு வரிசையையும் மாற்ற வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாட்டைத் தொடர்ந்து தாப், தாம் தரப்பாடுகள் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் ஏற்றது. இவற்றுக்கு முன்னும் இடையிலும் பாமினி, அஞ்சல், மயிலை, டிஸ்கி எனப் பல குறியாக்கங்கள் புழங்கின. பெரிய நாளிதழ்கள் தத்தமக்கென எழுத்துரு வைத்திருந்தன. அந்தக் காலத்துத் தமிழ் மின்னுரை முழுவதும் ஏதோவொரு மாற்றியின் வழியாகவே இன்றைய தரவுத்தொகுப்புகளுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

பரவலாகப் பகிரப்பட்ட மாற்றிகள் பல ஒரே பாணியில் அமைந்தவை: ஒரே செயற்கூறு, அதற்குள் நூற்றுக்கணக்கான ‘இதைக் கண்டால் அதை வை’ வரிகள். இவ்வரிகளின் வரிசைதான் இங்கே உயிர்நாடி. மூன்று துண்டு விதிகள் முதலில் வர வேண்டும், இரண்டு துண்டு விதிகள் பின்னால் வர வேண்டும். யாரோ ஒருவர் ஒரு விதியை மேலே நகர்த்திவிட்டால் ‘கொ’ என்பது ‘கெ’ என்ற எழுத்தும் அதன் பின்னால் ஒரு தனிக் காலுமாக உருவாகும். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். யூனிகோடு இயல்பாக்கம் செய்யாத தேடலில் அந்தச் சொல் அகப்படாது.

ஔகாரத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. பல எழுத்துருக்களில் ஔகாரத்தின் வலப்பக்கக் குறியும் ளகர எழுத்தும் ஒன்றே. ‘ஒற்றைக்கொம்பு, வகரம், ளகரம்’ என்ற துண்டுகள் ‘வௌவால்’ என்பதன் தொடக்கமாகவும் இருக்கலாம்; ‘வெள்ளம்’ என்பதன் தொடக்கமாகவும் இருக்கலாம். அடுத்து வருவது என்ன என்று பார்த்தால் பெரும்பாலான ஐயங்கள் தீரும். ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது மெய்யாகத்தான் இருக்க முடியும். எந்தக் குறியும் வராதபோது எஞ்சும் ஐயத்துக்கு மட்டும் ஒரு சொற்பட்டியல் துணைக்கு வேண்டும். இலக்கணம் அறிந்த எவரும் ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய விதி இது. ஆனால் 300 வரிக் கோவையில் அந்த விதிக்கென ஓர் இடமில்லை. ஔகாரம் அங்கே பதினெட்டு மெய்களுக்குப் பதினெட்டு வரிகளாகச் சிதறிக் கிடக்கிறது. பிழையைக் கண்டவர் ‘வௌி’ என்பதை ‘வெளி’ என்று மாற்றும் ஒரு வரியைக் கோவையின் அடியில் ஒட்டிவிட்டுப் போகிறார். அடுத்தவர் ‘தௌி’க்கு இன்னொன்று ஒட்டுகிறார். செயற்கூறு இப்படித்தான் வளர்கிறது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஒரு நாளிதழின் பழைய பதிப்புகளைக் கொண்டு சொல்வழக்கின் வரலாற்றை ஆராய்பவருக்கு ‘வெளிநாடு’, ‘வெளியீடு’, ‘தெளிவு’ ஆகியவை அக்காலத்தில் அரிதாக வழங்கியதாகத் தோன்றும். அவர் வரையும் வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும்; அதற்கு ஒரு சமூகவியல் காரணமும் கண்டுபிடிக்கப்படும். மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்கும்போது இதே சிதைவுகள் தனிச் சொற்களாகவே கற்கப்படும். மாற்றி நிரலை ஆய்வேட்டில் யாரும் விளக்குவதில்லை. ‘தரவு யூனிகோடுக்கு மாற்றப்பட்டது’ என்ற ஒற்றை வரியில் அது முடிந்துவிடுகிறது.

இனி அளவீட்டுக்கு வருவோம். தாமஸ் மெக்கேப் 1976இல் முன்வைத்த சைக்ளோமாட்டிக் சிக்கலெண்தான் இன்றும் பெரிதும் வழங்குவது. எளிமையாகச் சொன்னால், ஒரு செயற்கூறில் எத்தனை இடங்களில் பாதை பிரிகிறது என்று எண்ணி ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது அது. தனித்தனியாகச் சோதிக்க வேண்டிய அடிப்படைப் பாதைகளின் எண்ணிக்கையை அது காட்டுகிறது. 10 என்பதை ஏற்கத்தக்க மேல்வரம்பாக அவர் பரிந்துரைத்தார். அது மந்திர எண் அன்று என்றும் தெளிவுபடுத்தினார். இதன் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நாலாயிரம் வரித் திட்டம் ஒன்றில் முதலில் எங்கே பார்ப்பது என்பதை ரேடான், லிசார்டு போன்ற கருவிகள் சில நொடிகளில் காட்டிவிடும்.

ஆனால் மேற்சொன்ன மாற்றியை இந்த எண்ணால் அளந்து பாருங்கள். வரிசையாக 300 மாற்றீடுகள். ஓரிடத்திலும் நிபந்தனை இல்லை, பாதை பிரியவில்லை. எனவே சிக்கலெண் 1. கருவி இதற்கு முதல் தரச் சான்றிதழ் வழங்கும். மாறாக, ஒரு குறியைப் பார்த்து 247 எழுத்துகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தட்டையான கிளைத் தொகுதிக்கு எண் இருநூற்றைத் தாண்டும். கருவி சிவப்புக் கொடி காட்டும். உண்மையில் இரண்டாவதை ஒரு பள்ளி மாணவர்கூடப் படித்துச் சரிபார்க்கலாம், ஏனெனில் அங்கே எந்தக் கிளையும் மற்றொன்றைச் சார்ந்திருக்கவில்லை. முதலாவதில் ஒவ்வொரு வரியும் தனக்கு முந்தைய அனைத்து வரிகளையும் சார்ந்திருக்கிறது. மெக்கேப்பே இதை உணர்ந்திருந்தார். தேர்வு ஒன்றைத் தொடர்ந்து தனித்தனிக் கிளைகள் பல வருமிடத்தில் தம் வரம்பு பொருந்தாது என்று விலக்களித்தார். பின்னர் சோனார்சோர்ஸ் நிறுவனம் முன்வைத்த ‘அறிதல்சார் சிக்கலளவு’ உள்ளடுக்குகளுக்குக் கூடுதல் சுமை விதித்து இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்கிறது. ஆயினும் வரிசையைச் சார்ந்த நேர்கோட்டு நிரலின் ஆபத்து அதற்கும் தெரியாது.

நான் வசிக்கும் மயூர் விஹாரில் இருப்பவர்களுக்கு ஒற்றை எண்ணின் வரம்பைத் தனியே விளக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் ஹத்னிகுண்ட் தடுப்பணையைக் கடந்த யமுனை நீர் உச்ச அளவாக நொடிக்கு 8.28 லட்சம் கன அடி. தில்லியில் நீர்மட்டம் 206.60 மீட்டர். 2023 ஜூலையில் அங்கே கடந்தது 3.59 லட்சம் கன அடிதான், நீர்மட்டமோ 208.66 மீட்டரைத் தொட்டு, 1978ஆம் ஆண்டின் உச்சத்தையும் முறியடித்தது. வெள்ளச் சமவெளியில் வாழ்ந்தவர்கள் மயூர் விஹார் சாலையோரக் கூடாரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். மேலே திறந்துவிட்ட நீரின் அளவை மட்டும் பார்த்தவருக்கு இது புதிர். படிந்த வண்டலையும், குறுகிய ஆற்றுவழியையும், திறக்க முடியாமற்போன மதகுகளையும் பார்த்தவருக்குப் புதிரில்லை. எண் பொய் சொல்லவில்லை. அது ஒன்றை மட்டுமே சொன்னது. அதற்காக நீர்மானியைத் தூக்கி எறிவாரில்லை. நிரலின் அளவீடும் அப்படியே: அது பார்வையைத் திருப்பும் கருவி, தீர்ப்பு எழுதும் கருவி அன்று.

அப்படியானால் எப்படி மறுசீரமைப்பது? 300 வரிகளை ஐம்பது ஐம்பதாக வெட்டி ‘பகுதி1’, ‘பகுதி2’ என்று பெயரிடுவது மறுசீரமைப்பு ஆகாது. முன்பு ஒரே இடத்திலாவது இருந்த வரிசைச் சார்பு இப்போது ஆறு செயற்கூறுகளுக்குள் ஒளிந்துகொள்ளும். எங்கே பிரிப்பது என்பதை மொழியின் அமைப்பே சொல்கிறது. முதற்பணி, எழுத்துருக் குறியை யூனிகோடு எழுத்தாகப் பெயர்ப்பது. இது அட்டவணையின் வேலை, நிரலின் வேலையன்று. இரண்டாவது, முன்னால் நிற்கும் கொம்புகளை மெய்க்குப் பின்னால் நகர்த்துவது. மூன்றாவது, ஔகார ஐயத்தைத் தீர்ப்பது. நான்காவது, இயல்பாக்கம். பதினெட்டு மெய்களுக்கு ஒகரம், ஓகாரம், ஔகாரம் என எழுதப்பட்ட 54 வரிகள் மூன்று விதிகளாகச் சுருங்கும். புதிய எழுத்துரு வந்தால் ஓர் அட்டவணை கூடும், நிரல் மாறாது. ஓப்பன்-தமிழ் நூலகத்தின் மாற்றிகள் எழுத்துருவுக்கு ஓர் அட்டவணை என்ற இத்தகைய பிரிவையே கையாள்கின்றன.

இதில் வரி குறைவது சிறிய ஆதாயம். ‘ஔகார ஐயம் தீர்’ என்று பெயர் பெற்ற இருபது வரிச் செயற்கூறு ஒன்று இருக்குமானால், நிரலாக்கம் தெரியாத இலக்கண ஆசிரியரையும் அருகில் அமர்த்தி அதைப் பற்றி வாதிடலாம். பிழைக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. நீண்ட செயற்கூறுகளைப் பிரிப்பதன் பெரும்பயன் அதுவே.

மார்ட்டின் ஃபௌலர் 1999இல் தம் நூலில் வரையறுத்தபடி, மறுசீரமைப்பு என்பது வெளியே தெரியும் நடத்தையை மாற்றாமல் உள்ளமைப்பை மாற்றுவது. நடத்தை மாறவில்லை என்பதற்கு என்ன சான்று? ஆகவே கை வைப்பதற்கு முன் பழைய செயற்கூறின் வெளியீடுகளைப் பதிவுசெய்ய வேண்டும். நூறு பத்திகளைக் கொடுத்து, வருவதைச் சரியோ தவறோ அப்படியே சேமித்துவையுங்கள். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்குப் பிறகும் அதோடு ஒப்பிடுங்கள். ‘வௌியீடு’ பிழையைத் திருத்துவது இதன் பின்னர் வரும் தனிப்பணி. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால் எது எதனால் மாறியது என்று சொல்ல இயலாது.

‘ஆய்வு நிரல் ஒருமுறை ஓடினால் போதும், அதற்கு ஏன் இத்தனை ஒழுங்கு?’ என்பது நம் துறைகளில் அடிக்கடி கேட்கும் வாதம். இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஒரு மாலையில் எழுதி மறுநாள் வீசப்படும் நிரலுக்கு இவையெல்லாம் வேண்டியதில்லை. ஆனால் எது வீசப்படும், எது தங்கும் என்பதை எழுதும் நாளில் எவரும் அறிவதில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நீல் ஃபெர்குசன் குழு 2020 மார்ச்சில் வெளியிட்ட கோவிட் அறிக்கையின் பின்னிருந்த நிரல், காய்ச்சல் பெருந்தொற்றுகளுக்காக அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கும் முன்பு எழுதப்பட்டது. விளக்கக் குறிப்புகள் அற்ற ஆயிரக்கணக்கான சி வரிகள் என்று அவரே சொன்னார். அதைச் சீரமைக்க உதவிய ஜான் கார்மாக், முன்பு அது 15,000 வரிகள் கொண்ட ஒரே கோப்பாக இருந்ததாக எழுதினார். நாடுகளின் முடிவுகளோடு பிணைந்துவிட்ட அந்த நிரல் பொதுவெளிக்கு வருமுன் அவசரமாகச் சீரமைக்கப்பட்டது. பின்னர் கேம்பிரிட்ஜின் ஸ்டீஃபன் எக்லென் அதை ஓட்டிப் பார்த்து, அறிக்கையின் முக்கிய முடிவுகள் மீளப் பெறத்தக்கவை என்று உறுதிசெய்தார். முடிவு நின்றது, ஆனால் நம்பிக்கை மிக வேண்டியிருந்த வாரங்களில் நிரலின் தோற்றமே அதன் மீதான ஐயத்துக்குத் தீனியானது.

நம் நிலைமைக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் முனைவர் பட்ட விதிகளின்படி ஆய்வேட்டின் மின்படி இன்ஃப்லிப்நெட்டுக்குப் போக வேண்டும். ஷோத்கங்கா களஞ்சியத்தில் அது எவருக்கும் கிடைக்கிறது. அந்த ஏட்டின் அட்டவணைகளையும் வரைபடங்களையும் பிறப்பித்த நிரலோ ஆய்வாளரின் மடிக்கணினியோடு வெளியேறிவிடுகிறது. எஞ்சினால், ஆய்வகத்தின் பொதுக் கணினியில் ‘இறுதி_புதியது_2’ என்ற பெயரில் ஒரு கோப்பாகக் கிடக்கிறது. அடுத்த மாணவர் தம் முதலாண்டை அதைப் புரிந்துகொள்வதில் கழிக்கிறார். புரியாவிட்டால் தொடாமலே பயன்படுத்துகிறார். அந்த உழைப்புக்கு மதிப்பெண் இல்லை, கட்டுரை இல்லை, நன்றியுரையில் ஒரு வரியும் இல்லை. மாணவர்கள் சோம்பலால் நீண்ட செயற்கூறுகளை எழுதுவதில்லை. சீராக எழுதுவதற்கு நேரம் ஒதுக்குபவர் பின்தங்கும்படி நம் மதிப்பீட்டு முறை அமைந்திருக்கிறது.

எனவே நெறியாளர்களிடமும் துறைகளிடமும் மூன்றைக் கேட்கிறேன். ஒன்று: ஆய்வேட்டோடு நிரலும் களஞ்சியத்துக்குப் போக வேண்டும். இரண்டு: முன்சமர்ப்பிப்புக் கருத்தரங்கில் வரைபடங்களைக் கேட்பதுபோல், முடிவுகளைப் பிறப்பித்த முதன்மைச் செயற்கூறு ஒன்றையும் திரையில் காட்டி விளக்கச் சொல்ல வேண்டும். விண்கல மென்பொருளுக்கு 2006இல் விதிகள் வகுத்த ஜெரார்டு ஹோல்ஸ்மன், செயற்கூறு ஒன்று ஒரே தாளில் அச்சிடும் அளவைத் தாண்டக் கூடாது என்றார். ஏறத்தாழ 60 வரிகள். அதைத் தாண்டும் செயற்கூறுக்குக் காரணம் கேட்போம். தக்க காரணம் இருந்தால் ஏற்போம். சிக்கலெண்ணைத் தகுதி மதிப்பெண்ணாக மட்டும் ஆக்கிவிட வேண்டாம். ஆக்கினால் ‘பகுதி1’, ‘பகுதி2’ ஆகியவைதான் பெருகும். மூன்று: முன்னவர் நிரலைச் சீரமைத்து, சோதனைகள் எழுதி, பின்னவருக்குக் கையளிக்கும் பணியை ஆய்வுப் பங்களிப்பாகவே கணக்கில் கொள்ள வேண்டும். சுவடியைப் பாடவேறுபாடு நோக்கிப் பதிப்பிப்பதை ஆய்வாக மதிக்கும் மரபு நமக்கு உண்டு. பிறர் படிக்க இயலாதிருந்த நிரலைப் படிக்கத்தக்கதாக்கித் தருவதும் அதே வகைப் பணிதான்.

— மயூர் விஹார், தில்லி