சட்டம் வந்தது, பட்டா எங்கே?



என் அப்பா காட்டோரக் கொல்லைக்குப் போகும்போது கொடுவாளைக் கோணிச் சாக்கில் சுற்றித்தான் எடுத்துப் போவார். கார்டு கண்ணில் பட்டால் வம்பு. திருடவா போனார்? அவருடைய தாத்தா சாமை விதைத்த இடத்தில் முள்ளு வெட்டப் போனார். ஆனாலும் மறைத்தார். நம்ம கொல்லைக்கு நாமே ஏன் ஒளிஞ்சு போகணும் என்று சின்ன வயசில் கேட்பேன். "சட்டம் அப்படிடா" என்பார். என்ன சட்டம், யார் போட்டது, எதுக்குப் போட்டது என்று அவருக்குத் தெரியாது. பயம் மட்டும் தெரியும்.

அது 1882-ல் வெள்ளைக்காரன் போட்ட மெட்ராஸ் வனச் சட்டம். தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் இன்றைக்கும் அதுதான் நடக்கிறது. அதற்கு அறுபது வருசம் முன்னால், 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலைக்குக் காபிச் செடி கொண்டுவந்தார். பின்னாலேயே தோட்டக்காரத் துரைமார்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய நிலம் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டது. பிற்பாடு இந்தச் சட்டத்தை வைத்துக் காட்டுக்கு ரிசர்வ் என்று கோடு போட்டார்கள். கோடு போடும் முன்னால் உரிமை உள்ளவன் குறித்த கெடுவுக்குள் மனு கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருந்தது. கொடுக்காதவன் உரிமை போச்சு! எழுத்தே தெரியாத மலைக்காரன் கெசட்டைப் படித்து, மனு எழுதி, கெடுவுக்குள் கொண்டுபோய் நிற்பானா? நம் பாட்டன் தோற்றது நியாயத்தில் அல்ல. காகிதத்தில் தோற்றான்.

அதற்கு முன்னால் மலையில் ஒழுங்கு இல்லாமலா இருந்தது? நாட்டுக்கு ஒரு பட்டக்காரர், ஊருக்கு ஒரு மூப்பன். எந்தக் கொல்லையை எத்தனை வருசம் ஓய விடணும், எந்தச் சோலையில் கத்தி வைக்கக் கூடாது, வரப்புச் சண்டைக்கு என்ன தெண்டம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தார்கள். அதெல்லாம் முழு நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கூட்டத்தில் பொம்பளைக்கு வாய் கிடையாது, நிலத்தில் பேரும் கிடையாது. பழசு எல்லாம் பொன் என்று பேசுகிறவர்கள் இதை அவரவர் அம்மாவிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

2006 டிசம்பரில் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2007 கடைசி நாளில் அது அமலுக்கு வந்தது. காட்டில் வாழ்கிற மக்களுக்கு வரலாற்று அநீதி நடந்திருக்கிறது என்று அதன் முகவுரையிலேயே அரசாங்கம் ஒத்துக்கொள்கிறது. அதே ஆள், அதே கொல்லை, அதே கொடுவாள். 1882 சட்டம் அவனை ஆக்கிரமிப்பாளன் என்றது. 2006 சட்டம் அவனையே உரிமைக்காரன் என்கிறது. ஒரு சட்டம் மனுசனைத் தலை குனிய வைக்கவும் செய்யும், நிமிர வைக்கவும் செய்யும் என்பதற்கு வேறு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை.

அதில் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து பழங்குடிக் குடும்பம் காட்டு நிலத்தில் பயிர் செய்து வந்தால், அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு, நாலு ஹெக்டேர் வரை, அதாவது பத்து ஏக்கர் கிட்ட, உரிமை உண்டு. பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. கலியாணம் ஆனவர் என்றால் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேரிலும்தான் பட்டா. (மூப்பன் காலத்தில் இல்லாதது இது!) பழங்குடி அல்லாதவர்கள் மூணு தலைமுறை, அதாவது 75 வருசம், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தேன், கடுக்காய், நெல்லிக்காய் எடுக்கவும், ஆடு மாடு மேய்க்கவும் ஊருக்குப் பொதுவாக உரிமை கேட்கலாம். முக்கியமானது ஒன்று: மனு விசாரணை முடிகிற வரை யாரையும் நிலத்தை விட்டு வெளியேற்றக் கூடாது. இது 4-ஆம் பிரிவு, 5-ஆம் உட்பிரிவு. இந்த நம்பரைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இவ்வளவும் இருந்தும் நமக்கு என்ன வந்தது? 2008 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் தன் அனுமதி இல்லாமல் உரிமைப் பட்டா வழங்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம்தான் அதை நீக்கியது. கிட்டத்தட்ட எட்டு வருசம்! மற்ற மாநிலங்களில் லட்சக்கணக்கில் பட்டா போய்க்கொண்டிருந்தபோது இங்கே சட்டம் அலமாரியில் தூங்கியது. பிறகு 2019 பிப்ரவரி 13-ல், மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லி அதே உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. நாடு முழுக்கக் கூச்சல் கிளம்பியதும் 28-ஆம் தேதி நிறுத்தி வைத்தது. அந்தப் பதினைந்து நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. ஏனென்றால் நம் ஆட்கள் எத்தனையோ பேருக்கு "உன் மனு தள்ளுபடி ஆயிடுச்சு, போ" என்று வாயால் சொன்னதுதான் பதில். காகிதம் கிடையாது.

தோழர்களே, வாயால் சொல்லும் தள்ளுபடி சட்டப்படி தள்ளுபடியே இல்லை. காரணம் காட்டி எழுத்தில் தர வேண்டும். கிடைத்த அறுபது நாளுக்குள் மேலே முறையீடு செய்யலாம். இன்ன ஆவணம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கவும் கூடாது. ரேசன் கார்டு, வீட்டு வரி ரசீது, பழைய வழக்குச் சீட்டு, கிணறு, கல் வரப்பு, முன்னோரைப் புதைத்த இடம், ஊர்ப் பெரியவர் சொன்னதை எழுதி வாங்கிய வாக்குமூலம், எல்லாம் சாட்சிதான். ரெண்டு சாட்சி இருந்தால் போதும். அன்றைக்கு நம் அப்பன்மார்களுக்குக் காட்டில் நுழைந்ததற்குப் போட்ட அபராத ரசீது இருக்கிறதா? பத்திரமாக வையுங்கள். அவர்கள் அந்த நிலத்தில் இருந்தார்கள் என்று வனத்துறையே எழுதிக் கொடுத்த சாட்சி அது!

மனுவை முதலில் வாங்கி விசாரிப்பது கலெக்டர் அல்ல, கிராமசபை. அதற்கப்புறம்தான் கோட்ட அளவுக் குழு, மாவட்டக் குழு. ஆனால் இந்தச் சட்டத்துக்கான கிராமசபையில் பாதிப் பேராவது உட்கார வேண்டும், அதில் மூணில் ஒரு பங்கு பெண்கள். பஞ்சாயத்து மொத்தத்துக்கும் ஒரே இடத்தில் கூட்டம் போட்டால், ரெண்டு மலை தாண்டி இருக்கிற ஊர்க்காரன் காபிப் பழம் எடுக்கிற நாளில் வருவானா? கோரம் இல்லை என்று கலைத்துவிடுகிறார்கள். 2012-ல் மத்திய பழங்குடியினர் அமைச்சகமே ஊர் ஊராகக் கூட்டச் சொல்லி வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. தலைச்சோலை மலையில் ஒவ்வொரு ஊரிலும் தனிக் கிராமசபை, அங்கேயே வன உரிமைக் குழு: இதுதான் நம் முதல் கோரிக்கை.

சட்டம் ஏழைக்கு நடக்குமா என்று அவநம்பிக்கையாகப் பேசுகிறவர்களுக்கு வாச்சாத்தியை ஞாபகப்படுத்துகிறேன். தருமபுரி மாவட்டம், சித்தேரி மலை அடிவாரம். நம்மைப் போலவே மலையாளிப் பழங்குடி மக்கள். 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் வெளியே கொண்டுவந்தது, மார்க்சிஸ்ட் தலைவர் நல்லசிவன் உச்சநீதிமன்றம் போனார், பிறகு சி.பி.ஐ. விசாரணை. 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 அதிகாரிகளும் ஊழியர்களும் குற்றவாளிகள் என்றது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போனார்கள். 2023 செப்டம்பர் 29-ல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருசம்! அந்தப் பெண்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறிப் போனார்கள். மிரட்டலுக்கும் காசுக்கும் பேச்சை மாற்றவில்லை. காக்கிச் சட்டைக்கும் சட்டம் பொருந்தும் என்று அவர்கள்தான் நிலைநாட்டினார்கள். இத்தனை வருசம் ஆனதற்கு யார் வெட்கப்படணும் என்பது வேறு கேள்வி.

இன்னொரு ஓட்டையும் உண்டு. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் பத்து மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒரு மலைகூட இல்லை. ஆந்திராவில் அட்டவணைப் பகுதி நிலத்தைப் பழங்குடி அல்லாதவருக்குக் கைமாற்ற முடியாது. 1970-லேயே இறுக்கிக் கட்டிவிட்டார்கள். இங்கே அந்த மாதிரி சட்டம் இல்லாததால் ஏற்காட்டு மலையில் நிலம் எந்த வேகத்தில் கைமாறுகிறது என்று உங்களுக்கே தெரியும். அட்டவணைப் பகுதி அறிவிப்பைக் கேட்போம். ஆனால் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்கிறது நம் ஆளும்தானே? சங்கக் கூட்டத்துக்கு வந்து கோஷம் போட்டுவிட்டு, சாயங்காலம் புரோக்கர் வண்டியில் ஏறுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த நோட்டீஸ்.

அடுத்த கிராமசபைக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய ரசீது, கார்டு, சீட்டு எல்லாம் தேடி எடுங்கள். எண்பது வயசு தாண்டிய பெரியவர்கள் இருந்தால் இப்போதே உட்கார்ந்து அவர்கள் சொல்வதை எழுதி வாங்கிவிடுங்கள். நாள் தள்ளாதீர்கள், போன மழைக்கே ரெண்டு பேர் போய்விட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் ராத்திரி ஏழு மணிக்கு மேல் என் வீட்டுக்கு வாருங்கள், படித்த பிள்ளைகள் எழுதித் தருவார்கள். மனு கொடுத்தால் சீல் வைத்த ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். வீட்டுப் பெண்களைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். அவர்கள் வராவிட்டால் கோரமே சேராது.

இப்படிக்கு,
செயலாளர், விவசாயிகள் சங்கம், தலைச்சோலை.