மூச்சை எண்ண ஒரு நிமிடம்

இருமலோடு வரும் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்கு முன், சட்டையைத் தூக்கி மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ஐயும், 1 முதல் 5 வயதுக்குள் 40-ஐயும் தொட்டால் நிமோனியாவைச் சந்தேகிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது, சொல்லப்போனால், குத்துமதிப்புதான். கைக்குழந்தையின் மூச்சு சற்று நின்று பிறகு விரையும். அழும்போது எண்ணினாலும் கணக்கு தப்பும்.

கூட்டம் நெரியும் ஓபியில் இதற்கு நேரமேது என்பார்கள். நியாயம்தான், ஆனால் எண்ணுவதற்கு டாக்டர் தேவையில்லை, பயிற்சி பெற்ற செவிலியர் போதும். காய்ச்சலிலும் வீசிங்கிலும்கூட மூச்சு வேகமெடுக்கும். அதனால்தான் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்குகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆக்ஸிமீட்டர் இருக்கிறதே என்றால், பல குழந்தைகளுக்கு ஆக்சிஜன் குறையும் முன்பே மூச்சு விரைந்துவிடுகிறது.