தாங்கல் கரைசல் எதற்கு?

பிஎச் மீட்டரை வைத்துத் தரம்பார்க்கும் சோதனையை நம் செய்முறை வகுப்புகளில் இரண்டு காரியங்களுக்காகச் செய்கிறோம். ஒன்று, கொடுத்த அமிலத்தின் செறிவைக் காண்பது. இன்னொன்று, வலிமை குறைந்த அமிலத்தின் பிகேஏ மதிப்பைக் காண்பது. மாணவருக்கு இரண்டும் ஒரே அட்டவணை, ஒரே வளைகோடு. கருவிக்கு அப்படியல்ல.

செறிவு மட்டும் போதும் என்றால், மீட்டர் 0.1 அலகு கூடுதலாகக் காட்டினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. வளைகோடு முழுவதும் சற்று மேலே ஏறி நிற்கும். அது செங்குத்தாக எழும் இடம் பியூரெட் அளவில் நகராது. பிகேஏ காண வேண்டும் என்றால் கதையே வேறு. பாதி நடுநிலையாக்கலில் படிக்கும் எண்தான் விடை. அங்கே 0.1 பிசகினால் அமிலத்தின் பிரிகை மாறிலியில் ஏறக்குறைய 26 சதவீதம் பிசகு. ஆகவே அசெட்டிக் அமிலத்துக்கு (பிகேஏ 4.76) 4.01, 6.86 என்ற இரு தாங்கல் கரைசல்களிலும் மீட்டரைச் சரிசெய்தே ஆக வேண்டும். 7-ஐ மட்டும் பொருத்திவிட்டுத் தொடங்கினால் மின்முனையின் சாய்வு நமக்குத் தெரியாமலே போகும். அந்தச் சாய்வு 25 பாகை செல்சியசில் ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட், 30 பாகையில் 60.15. பழைய மின்முனையோ இதைவிடக் குறைவாகவே தரும். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு வைத்த மின்முனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் இடம் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு.

வெப்பநிலை என்றதும் இன்னொன்று. வலிமை மிகு அமிலமும் காரமும் சமானமாகும்போது 7 வரவில்லையே என்று மாணவர் தவிப்பதைப் பார்க்கிறோம். 30 பாகையில் நடுநிலை நீரின் பிஎச் 6.92 தான். நம் ஆய்வகங்களில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கும் மேலேதான் இருக்கிறது.

அளவுகளை எங்கே எடுப்பது என்பதில்தான் பெரிய விரயம். 25 மில்லிலிட்டர் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்க்கிறோம். 24.95-இல் பிஎச் சுமார் 4, 25.05-இல் சுமார் 10. இடையில் இருப்பவை இரண்டே சொட்டுகள். மில்லிலிட்டர் மில்லிலிட்டராகச் சேர்த்துப் போனவர் இந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறார். பிறகு வரைபடத்தில் அழகாக ஒரு எஸ் வடிவத்தைக் கையாலேயே இழுத்துவிடுகிறார். முதலில் நிறங்காட்டி போட்டு ஒருமுறை தோராயமாகப் பார்த்துக்கொண்டால், கடைசி ஒரு மில்லிலிட்டரை 0.1 வீதம் சேர்க்கலாம். அங்கே தாங்கும் தன்மை கிட்டத்தட்ட இல்லை. எண் ஓடிக்கொண்டே இருக்கும். நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருக்க நேரமில்லாத வகுப்புகளுக்கு குன்னார் கிரான் 1952-இல் விளக்கிய முறை நன்றாகவே உதவும், ஆனால் நம்மிடையே அதிகம் புழங்கவில்லை. வலிமை குறைந்த அமிலமானால், சேர்த்த காரத்தின் கன அளவை ஹைட்ரஜன் அயனிச் செறிவால் பெருக்கி, அதைக் கன அளவுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு கிடைக்கும், அது கிடை அச்சைத் தொடும் இடமே சமானப் புள்ளி. வேண்டிய அளவுகள் எல்லாம் அதற்கு முன்னாலேயே, மின்முனை நிதானமாக இருக்கும் பகுதியில் கிடைத்துவிடுகின்றன. மீட்டர் ஒரே அளவாகத் தள்ளிக் காட்டினால் கோட்டின் சாய்வு மாறும், அது தொடும் இடம் மாறாது. சாய்வு தருவது பிரிகை மாறிலியை. தொடும் இடம் தருவது செறிவை. மேலே சொன்ன வேறுபாட்டை மாணவர் ஒரே தாளில் கண்ணால் பார்த்துவிடலாம்.

காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிய பழைய காரக் கரைசலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்: வலிமை மிகு அமிலத்துடன் சேர்க்கும்போது செங்குத்தாக எழ வேண்டிய கோடு 6-க்கும் 8-க்கும் இடையில் சாய்ந்து இழுபடும். கொதிக்கவைத்து ஆறிய நீரில் புதிதாகத் தயாரித்து, பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டால் தரப்படுத்திய கரைசலில் இது வராது.

இவையெல்லாம் தெரிந்தும் பதிவேடுகளில் மாசுமருவற்ற வளைகோடுகளே வந்து குவிகின்றன. காரணம் மதிப்பெண் முறை. எதிர்பார்த்த விடைக்கு எவ்வளவு நெருக்கம் என்பதற்கே மதிப்பெண் தந்தால், மாணவர் விடையிலிருந்து பின்னோக்கிப் போய் அட்டவணையை எழுதுவார். செய்முறைத் தேர்வில் பாதி மதிப்பெண்ணை, மேசையிலேயே பேனாவால் எழுதி ஆசிரியர் கையொப்பமிட்ட அளவுகளுக்குக் கொடுக்கலாம். தாங்கல் கரைசலில் மீட்டர் காட்டிய எண்களும் வெப்பநிலையும் அந்தத் தாளின் முதல் வரியிலேயே இருக்கட்டும்.